கிணற்றடிக்குத் திரும்பி வந்தவன்

‘இரண்டுங்கெட்டான் வயது’ என்று நம் வீடுகளில் ஒரு வழக்கு உண்டு. பிள்ளை என்று மடியில் இருத்திக்கொள்ளவும் இயலாது. பெரியவன் என்று குடும்பக் காரியத்தில் கருத்துக் கேட்கவும் மனம் வராது. உலக சுகாதார நிறுவனம் 10 வயது முதல் 19 வயது வரையுள்ள காலத்தை வளரிளம் பருவம் என வரையறுக்கிறது. இந்த ஆண்டுகளில் உடல் வளர்வதை நாம் கண்ணாரக் காண்கிறோம். போன கிறிஸ்துமசுக்குத் தைத்த காற்சட்டை இந்தப் பாஸ்காவுக்குக் கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்கிறது, குரல் உடைகிறது, கண்ணாடி முன் நிற்கும் நேரம் நீளுகிறது. அதே ஆண்டுகளில் மனச்சான்றும் வளர்கிறது. அதன் வளர்ச்சியை அளக்க நம்மிடம் அளவுகோல் இல்லை. ஆதலால் அது தளிர்விட்டு நிற்கும் இடத்தைக்கூடக் கவனியாமல் மிதித்துவிடுகிறோம்.

பெற்றோரும் ஆசிரியரும் பங்குப் பணியாளரும் இப்பருவத்தினரைக் குறித்து அடிக்கடி எதிர்கொள்ளும் வினா ஒன்று உண்டு. தனியாக இருக்கையில் நல்லவனாக இருக்கும் பிள்ளை, நண்பர்களோடு சேர்ந்தவுடன் ஏன் வேறொருவனாக மாறுகிறான்? அவ்வாறு கூட்டத்தோடு சேர்ந்து செய்த தவறு யாருடையது? “சேர்க்கை சரியில்லை” என்று சொல்லி அவனை முற்றிலும் விடுவித்துவிடலாமா? அல்லது “உனக்குப் புத்தி எங்கே போயிற்று?” என்று கேட்டு முழுப் பாரத்தையும் அவன் தலையிலேயே ஏற்றலாமா? இவ்வினா நமக்கு நூல்களிலிருந்து வரவில்லை. நாம் செய்த ஒரு தவறிலிருந்து வந்தது. அதை முதலில் சொல்லிவிடுவதே முறை.

ஐந்து பேர் தள்ளியது

குருப்பட்டம் பெற்ற ஆறாம் ஆண்டில் நாம் ஒரு சிற்றூர்ப் பங்கின் பொறுப்பை ஏற்றோம். இது நடந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அப்பங்கிற்கு நான்கு கிளைப்பங்குகள். எழுபதை நெருங்கிய உபதேசியார் ஒருவர் அங்கே இருந்தார். கிளைப்பங்குகளில் செபமாலை சொல்வதும், நோயாளிகளைப் பார்ப்பதும், பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்துவதும் அவர் பணி. அவரிடம் ஒரு பழைய மிதிவண்டி இருந்தது. அதை அவருடைய கால்கள் என்றே சொல்ல வேண்டும்.

தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், சிலுவைப்பாதை முடிந்து அவர் கோவில் விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்த வேளையில், வேப்பமரத்தடியில் சார்த்தியிருந்த அந்த மிதிவண்டியைச் சிறுவர்கள் சிலர் உருட்டிச் சென்று கோவில் கிணற்றில் தள்ளிவிட்டார்கள். உபதேசியார் அன்றிரவு நடந்தே வீடு போய்ச் சேர்ந்தார்.

மறுநாள் விடியுமுன் மணி அடிக்க வந்த ஊழியர், கிணற்றடியில் ஒரு சிறுவன் நிற்பதைக் கண்டு, சட்டையைப் பற்றி நம்மிடம் இழுத்து வந்தார். அவன் ஒன்பதாம் வகுப்பு மாணவன். நம் பீடச் சிறுவர்களுள் ஒருவன். உடலெல்லாம் நனைந்திருந்தது. கையில் ஒரு பாதாளக் கரண்டியும் கயிறும் இருந்தன. கிணற்றில் விழுந்த வாளியை எடுக்க உதவும் அந்தக் கொக்கிக் கரண்டியை அவன் யார் வீட்டிலிருந்தோ இரவல் வாங்கி வந்திருந்தான். கொக்கி மிதிவண்டியின் சக்கரக் கம்பிகளில் மாட்டிக்கொண்டது. ஆனால் தனியொருவனாக அவனால் அதை மேலே இழுக்க இயலவில்லை.

“எத்தனை பேர்?” என்று கேட்டோம்.

“அஞ்சு பேர், சாமி.”

“மற்ற நாலு பேர் யார்?”

பதில் இல்லை.

“ஏன் செய்தீர்கள்?”

“சும்மா, சாமி.”

அந்தச் ‘சும்மா’ நமக்குச் சினத்தை மூட்டியது. பெயர் சொல்லாததைத் திமிர் என்று எடுத்துக்கொண்டோம். அடுத்த நாள் ஞாயிறு. இரண்டாம் திருப்பலியின் இறுதியில், அறிவிப்புகளுக்கு முன்பாக அவனைப் பெயர் சொல்லி அழைத்து, பீடத்தின் முன் முழங்காலில் நிறுத்தி, நடந்ததை மக்கள் அனைவருக்கும் உரத்த குரலில் எடுத்துச் சொன்னோம். திருமண அறிக்கைகள் வாசித்து முடியும் வரை அவன் அங்கேயே இருந்தான். அவன் தகப்பனார் கொத்து வேலை செய்பவர். அன்று மாலை வீட்டில் அவனுக்கு அடியும் கிடைத்தது. மறு வாரத்திலிருந்து அவன் தாயார் இரண்டாம் திருப்பலிக்கு வருவதை நிறுத்தினார். இருள் பிரியாத முதல் திருப்பலிக்கு வந்து, கடைசித் தூணுக்குப் பின்னே நின்றுவிட்டுப் போனார். மகன் வரவே இல்லை.

திங்கட்கிழமை உபதேசியார் வந்தார். ஆள்களைக் கொண்டு மிதிவண்டியை வெளியே எடுத்திருந்தோம். முன்சக்கரம் கோணியிருந்தது. அதைத் தடவிப் பார்த்துவிட்டு அவர் மெல்லச் சொன்னார்: “சாமி தப்பா எடுத்துக்கக் கூடாது. தள்ளிவிட அஞ்சு பேர் போனாங்க. தூக்கிவிட ஒருத்தன்தானே வந்தான்? வந்தவனைப் போய் முழங்காலில் நிறுத்திட்டோமே.”

‘நிறுத்திட்டீங்களே’ என்று அவர் சொல்லவில்லை. ‘நிறுத்திட்டோமே’ என்றார். நம் தவற்றில் தாமும் ஒரு பங்கை ஏற்றுக்கொண்ட அந்தச் சொல்லை நாம் இன்றளவும் மறக்க இயலவில்லை.

‘சும்மா’ என்ற சொல்

அந்தச் சிறுவனின் ‘சும்மா’வைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் நாம் புரிந்துகொண்டோம். புரியவைத்தவர் புனித அகுஸ்தின். கி.பி. 354இல் வட ஆப்பிரிக்காவின் தகாஸ்தே நகரில் பிறந்த அவர், 16 வயதில் படிப்பு தடைபட்டு ஓராண்டு வீட்டில் இருந்தார். கார்த்தேஜுக்கு அனுப்பிப் படிக்கவைக்கத் தந்தை பணம் சேர்த்துக்கொண்டிருந்த காலம் அது. ஓர் இரவு நண்பர்களோடு சேர்ந்து, அயலார் ஒருவருடைய பேரிக்காய் மரத்தை உலுக்கிக் காய்களையெல்லாம் சுமந்து சென்றார். அவர்கள் பசியோடு இல்லை. அவர் வீட்டிலேயே அதைவிட நல்ல காய்கள் இருந்தன. கொண்டுபோனவற்றில் பெரும்பகுதி பன்றிகளுக்கு முன்னே எறியப்பட்டது.

நாற்பதைக் கடந்து, ஹிப்போ நகர ஆயராக இருந்தபோது எழுதிய ‘ஒப்புதல்கள்’ நூலின் இரண்டாம் பகுதியில் இந்தச் சிறு திருட்டை அவர் விடாமல் துருவி ஆராய்கிறார். அதைவிடப் பெரிய குற்றங்கள் அவர் வாழ்வில் இருக்க, சில பேரிக்காய்கள் அவரை ஏன் அவ்வளவு உறுத்தின? தேவைக்காகச் செய்த தீமையை மனிதன் தனக்குத் தானே விளக்கிக்கொள்ள முடியும். காரணமே இல்லாமல், ‘சும்மா’ செய்த தீமையை விளக்க முடிவதில்லை. திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்து அவர் கண்ட விடை ஒன்று உண்டு. தனியாக இருந்திருந்தால் அதைத் தாம் செய்திருக்கமாட்டார் என்பதே அது. காயின்மேல் அவருக்கு ஆசை இல்லை; சேர்ந்து செய்வதன்மேல் ஆசை இருந்தது. தோழர்கள் ‘போவோம்’ என்னும்போது, வெட்கமில்லாமல் இருக்கத் தெரியவில்லையே என்று வெட்கப்படும் வயது அது.

இன்னொன்றையும் நாம் கவனிக்க வேண்டும். அந்த நூலில் அகுஸ்தின் தம் குற்றத்தை உலகறிய எழுதினார். உடன் வந்த தோழர்களின் பெயர்களை எங்கும் எழுதவில்லை. பெரும் மறைவல்லுநர் செய்ததைத்தான் நம் கிணற்றடிச் சிறுவனும் செய்தான். ‘அஞ்சு பேர்’ என்று உண்மையைச் சொன்னான், பெயர்களைச் சொல்லவில்லை. நாமோ, அகுஸ்தின் செய்ததற்கு நேர்மாறாக, நம் குற்றத்தை மறைத்து இன்னொருவனுடைய குற்றத்தைப் பீடத்திலிருந்து அறிவித்தோம்.

பார்க்கும் கண்கள்

அகுஸ்தின் தம் உள்ளத்தில் தேடிக் கண்டதை இக்கால உளவியலார் ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள டெம்பிள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பர்க் ஆகிய இருவரும் 2005ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 306 பேர் அதில் பங்கேற்றனர். 13 முதல் 16 வயது வரையுள்ளோர், 18 முதல் 22 வயது வரையுள்ளோர், 24 வயதும் அதற்கு மேலும் ஆனோர் என மூன்று குழுக்கள். கணினித் திரையில் வண்டி ஓட்டும் விளையாட்டு ஒன்று தரப்பட்டது. மஞ்சள் விளக்கு எரிந்த பிறகும் எவ்வளவு தொலைவு துணிந்து ஓட்டுகிறார்கள் என்பதே சோதனை. சிலர் தனியாக விளையாடினர். சிலர் தம் வயதுத் தோழர்கள் இருவர் உடனிருக்க விளையாடினர். தனியாக இருந்தபோது சிறுவருக்கும் பெரியவருக்கும் பெரிய வேறுபாடு தென்படவில்லை. தோழர்கள் பக்கத்தில் இருந்தபோதோ, இளையோர் குழுவின் துணிச்சல் ஏறத்தாழ இரு மடங்கானது. பெரியவர்களிடம் மாற்றமே இல்லை.

அதே பல்கலைக்கழகத்தினர் 2011இல் மூளையைப் படமெடுக்கும் கருவியைக் கொண்டு இதை மேலும் ஆராய்ந்தனர். தோழர்கள் அடுத்த அறையிலிருந்து தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அறிந்த அளவிலேயே, வளரிளம் பருவத்தினருடைய மூளையில் இன்பத்தையும் பரிசையும் எதிர்நோக்கும் பகுதிகள் கூடுதலாகக் கிளர்ந்தெழுந்தன. விளைவை எண்ணி நிதானிக்கும் முன்மூளையோ இருபது வயதைக் கடந்தும் முதிர்ந்துகொண்டிருப்பது. பாய்மரம் விரிந்துவிட்டது, சுக்கான் இன்னும் முழுமை பெறவில்லை எனலாம்.

தோழர்கள் பக்கத்தில் நிற்க வேண்டியதுகூட இல்லை. அவர்கள் பார்க்கிறார்கள் என்ற நினைவே போதும் என்பதை இன்றைய பெற்றோர் கூர்ந்து நோக்க வேண்டும். நம் காலத்தில் கூட்டம் தெருமுனையில் நின்றது. வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினால் அது வெளியே நின்றுவிடும். இன்று அது கைப்பேசிக்குள் நுழைந்து பிள்ளையின் தலையணைக்கு அடியில் படுத்திருக்கிறது. வகுப்புத் தோழியின் படம் ஒன்றைக் கேலியான சொற்களோடு வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி இடுகிறாள். பிறர் சிரித்த முகங்களை அனுப்புகிறார்கள். இன்னொருத்தி அதை வேறொரு குழுவுக்கு அனுப்புகிறாள். தனித்தனியே கேட்டால் ஒவ்வொருத்தியும் சொல்லும் விடை ‘சும்மா’ என்பதே. பெண்பிள்ளைகள் கிணற்றில் எதையும் தள்ளுவதில்லை என்று நாம் நிம்மதி கொள்கிறோம். ஆனால், மதிய உணவு வேளையில் ஒரு தோழியைத் தனியே உட்காரவிட்டு எல்லாரும் எழுந்து போவதும் ஒரு தள்ளுதலே. அந்தக் கிணற்றின் ஆழம் வெளியே தெரிவதில்லை.

எவ்வளவு பொறுப்பு?

அப்படியானால், பிள்ளைகளுக்குப் பொறுப்பே இல்லையா? அறிவியல் அவ்வாறு சொல்லவில்லை. அறநெறியும் அவ்வாறு சொல்லவில்லை. சாவான பாவத்திற்கு மூன்று கூறுகள் வேண்டும் என்று சிறு வயதிலேயே நாம் மனப்பாடம் செய்தோம். பொருள் கனமானதாக இருக்க வேண்டும். முழு அறிவு வேண்டும். முழுச் சம்மதம் வேண்டும். வளரிளம் பருவத்தினரிடம் பெரும்பாலும் குறைவுபடுவது இரண்டாவது அன்று; மூன்றாவதே. ‘இது தவறு’ என்பதை அந்த ஐந்து பேரும் அறிந்தே இருந்தார்கள். நாம் அதே அறிவைத் திரும்பத் திரும்ப ஊட்டுகிறோம்: “உனக்குத் தெரியாதா? எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்?” அவர்களுக்குத் தெரியும். தனித்து நிற்கும் திடமே இன்னும் கைகூடவில்லை. சம்மதம் குறைந்ததால் குற்றம் குறையலாம், இல்லாமற் போவதில்லை. அகுஸ்தினும் ‘தோழர்கள் இழுத்தார்கள்’ என்று சொல்லித் தம்மை விடுவித்துக்கொள்ளவில்லை.

சட்டங்களும் இந்த நடுவழியைத் தேடியே வந்துள்ளன. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 7 வயது நிறைந்தவரைப் பகுத்தறிவைப் பயன்படுத்தக்கூடியவராகக் கொள்கிறது. ஆயினும், 16 வயது நிறையாதவரைத் திருச்சபைத் தண்டனை எதற்கும் அது உட்படுத்துவதில்லை. 16 வயது நிறைந்து 18 நிறையாதவருக்குத் தண்டனையைத் தணிக்கச் சொல்கிறது. நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோருக்குத் தனி வழிமுறை வகுக்கிறது. 16 வயதைக் கடந்தவர் கொடிய குற்றத்தில் ஈடுபட்டதாகக் கூறப்படும்போதும், அவருடைய மன வலிமையையும் விளைவை அறியும் திறனையும் சூழ்நிலையையும் முதலில் ஆராய வேண்டும் என்கிறது. வயதைப் பார், சூழ்நிலையைப் பார், பிறகு பேசு என்பதே இவற்றின் உட்கருத்து. திருச்சபைச் சட்டத்தை நாம் குருமடத்தில் படித்துத் தேர்வும் எழுதியிருந்தோம். கிணற்றடியில் நின்றவனுக்கு 14 வயது. தேர்வில் எழுதிய விடை அந்த ஞாயிறன்று நம் நினைவுக்கு வரவில்லை.

தவணை வேறு, தள்ளுபடி வேறு

எரிக் எரிக்சன் (1902-1994) என்னும் உளவியலார், ‘நான் யார்?’ என்னும் தேடலே இப்பருவத்தின் மையப் போராட்டம் என்று கண்டவர். அவருடைய இளமையே அதற்குச் சான்று. ஜெர்மனியில் யூதத் தாய்க்குப் பிறந்த அவர், தம்மைப் பெற்ற தந்தை யாரென்று கடைசிவரை அறியவில்லை. அவருடைய தோற்றத்தைப் பார்த்து யூதப் பிள்ளைகள் அவரை அயலானாக ஒதுக்கினர். பள்ளியிலோ யூதன் என்று ஒதுக்கப்பட்டார். படிப்பு முடிந்ததும் ஓவியராகச் சில ஆண்டுகள் ஊர் ஊராக அலைந்தார். பிற்காலத்தில், வளரிளம் பருவத்தை விளக்க அவர் கையாண்ட சொல் கடன் வழக்கிலிருந்து வந்தது. கடனாளிக்குத் திருப்பிச் செலுத்தக் கால நீட்டிப்புத் தருவதைக் குறிக்கும் சொல் அது. சமுதாயம் இளையோருக்கு அத்தகைய தவணை ஒன்றைத் தருகிறது, தர வேண்டும் என்றார் அவர்.

நம் வினாவுக்கு விடை இங்கே இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. தவணை தருவது கடனைத் தள்ளுபடி செய்வது ஆகாது. ‘சின்னப் பையன், விட்டுவிடுங்கள்’ என்பவர் தள்ளுபடி செய்கிறார். அவர் பிள்ளைக்கு இரங்குவதாக நினைக்கிறார். உண்மையில், தன் செயலைத் தன் செயலென்று ஏற்கும் உரிமையை அவனிடமிருந்து எடுத்துவிடுகிறார். ‘அடியாத மாடு படியாது’ என்பவரோ முதலையும் வட்டியையும் ஒரே நாளில் வசூலிக்க வருகிறார். மாடு படிவதும் மனிதன் திருந்துவதும் ஒன்றல்ல. இந்த இருவருக்கும் நடுவே நின்று, ‘கடன் உன்னுடையதுதான்; செலுத்த உனக்குக் காலம் தருகிறேன்; நானும் உடன் இருக்கிறேன்’ என்று சொல்பவர் வேண்டும்.

நம் பங்கில் அப்படிச் சொன்னவர் உபதேசியார். அன்று மாலையே கோணிய மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு அவர் சிறுவனின் வீட்டுக்குப் போனார். “தம்பி, இதைச் சரிபண்ணணும். எனக்குக் கண் சரியாத் தெரியல. நீ கூட வா” என்றார். கிணற்றைப் பற்றி ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை; கிணற்றுச் சேறு சங்கிலியில் ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்று மாலைகள் இருவரும் திண்ணையில் அமர்ந்து சங்கிலியை மண்ணெண்ணெயில் கழுவி, துருவைத் தேய்த்து எடுத்தார்கள். சக்கரத்தின் கோணலை மட்டும் கடைக்காரர் சரிசெய்தார். இரண்டாம் மாலையில் வேறு இரண்டு சிறுவர்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்களாம். ஏன் வந்தார்கள் என்று அவர் கேட்கவில்லை. ஆளுக்கொரு துணியைக் கொடுத்தார். நாம் கேட்டுக் கிடைக்காத பெயர்கள் அவரிடம் கேட்காமலே வந்து சேர்ந்தன.

பின்னொரு நாள் நம்மிடம் அவர், “ரூபன் குழிக்குத் திரும்பி வரலையா, சாமி?” என்றார். தொடக்கநூலில் அக்காட்சியை நாம் படித்திருக்கிறோம். 17 வயது யோசேப்பை உடன்பிறப்புகள் குழியில் தள்ளியபோது, அவனைக் காப்பாற்றும் எண்ணம் ரூபனின் உள்ளத்தில் இருந்தது. கூட்டத்தின் நடுவே அதை முழுமையாகச் சொல்ல அவனுக்குத் துணிவு வரவில்லை. பிறகு தனியே குழிக்குத் திரும்பி வந்தான். யோசேப்பு அங்கே இல்லை. ரூபன் தன் ஆடைகளைக் கிழித்துக்கொண்டான். மனச்சான்று பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது. கூட்டத்தில் வாய் திறக்க முடியாதது, இரவெல்லாம் உறங்கவிடாமல் செய்து, விடியலில் தனியே குழிக்கு நடத்திச் செல்கிறது. அது பிந்தி வருவது உண்மையே. ஆயினும் வருகிறது. அந்தச் சிறுவன் கையிலிருந்த பாதாளக் கரண்டியே அவனுடைய ஒப்புரவு. அதைப் படிக்க நமக்குத் தெரியவில்லை.

பெரியவர்களாகிய நமக்கு

இதிலிருந்து நாம் கற்றவற்றைப் பெற்றோரோடும் ஆசிரியரோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். முதலாவது, கூட்டத்தில் செய்த தவற்றைக் கூட்டத்தின் முன் கேட்க வேண்டாம். பிறர் பார்க்கிறார்கள் என்ற நினைவே பிள்ளையைத் தடுமாறச் செய்தது. அதே நினைவை மீண்டும் ஏற்றினால் அவன் எப்படி நிதானமாகப் பேசுவான்? தனியே கேட்டால் அவன் தனியே நின்று விடை சொல்லப் பழகுவான். நமக்கு வேண்டியது அந்தப் பழக்கமே.

இரண்டாவது, வெட்கத்தையும் வருத்தத்தையும் பிரித்தறிய வேண்டும். ‘நான் செய்தது கெட்டது’ என்பவன் அதைச் சரிசெய்ய வழி தேடுவான். ‘நான் கெட்டவன்’ என்று உணரவைக்கப்பட்டவன் ஒளிந்துகொள்ளவே வழி தேடுவான். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசும் ஒவ்வொரு முறையும் நாம் இரண்டாவதையே வளர்க்கிறோம். சரிசெய்ய ஒரு வேலையைக் கையில் கொடுப்பது, நூறு அறிவுரைகளுக்கு மேலானது.

மூன்றாவது, நட்பை இழிவாகப் பேச வேண்டாம். தோழனைக் காட்டிக்கொடுக்க மறுத்ததில் ஒரு நற்பண்பின் முளை இருந்தது. அது முழுமையான பண்பன்று. பிறருக்குப் பெருந்தீங்கு நேரவிருக்கும் இடத்தில் மௌனம் காப்பது நட்பாகாது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். ஆனால், முளையைப் பிடுங்கிவிட்டு மரம் வேண்டும் என்று கேட்க இயலாது. ‘உன் தோழர்களின் பெயரைச் சொல்’ என்பதற்குப் பதிலாக, ‘அவர்களையும் கூட்டிக்கொண்டு வா’ என்று சொல்லிப் பார்க்கலாம். கூட்டத்திற்குத் தீமையின் பக்கம் இழுக்கும் ஆற்றல் உண்டென்றால், நன்மையின் பக்கம் இழுக்கும் ஆற்றலும் உண்டு. திண்ணைக்கு வந்த அந்த இருவரும் அதற்குச் சான்று.

நான்காவது, கேட்பதற்கு நேரம் ஒதுக்க வேண்டும். எருசலேமில் 12 வயது மகனை மூன்று நாள் தேடிக் கண்ட தாய், ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டார். மகனின் விடையையும் கேட்டார். அது அவருக்கு விளங்கவில்லை என்று லூக்கா எழுதுகிறார். விளங்காத விடையையும் உள்ளத்தில் வைத்துக்கொண்டு மகனோடு ஊர் திரும்பினார். பிள்ளை சொல்வது விளங்கும் வரைதான் கேட்பேன் என்றிருந்தால், இந்த வயதில் நாம் எதையும் கேட்கமாட்டோம்.

தீராத கடன்

நம் கதையின் முடிவையும் சொல்லிவிடுகிறோம். அப்பங்கிலிருந்து மாற்றலாகிப் போகுமுன் அச்சிறுவனின் வீட்டுக்குச் சென்று, “நாங்கள் செய்தது தவறு, தம்பி” என்றோம். அவன் தரையைப் பார்த்தபடி, “பரவாயில்லை, சாமி” என்றான். உபதேசியாரோடு கிளைப்பங்குகளுக்கு மிதிவண்டி ஓட்டிச் சென்றவன், நாம் அங்கிருந்த காலம் முழுவதும் பீடத்தருகே மட்டும் வரவில்லை. பொதுவில் செய்த பிழைக்குத் தனியே கேட்ட மன்னிப்பு பாதி மன்னிப்பே என்பதை நாம் அன்றே அறிந்திருந்தோம்.

சென்ற ஆண்டு அவ்வூர்த் திருவிழாவுக்கு மறையுரையாற்ற அழைத்திருந்தார்கள். உபதேசியார் இறைவனடி சேர்ந்து பல ஆண்டுகளாகிவிட்டன. திருப்பலி முடிந்ததும் ஒருவர் தம் மகனோடு வந்து நின்றார். “இவன் ஒன்பதாம் வகுப்பு, சாமி” என்றார். பையன் தகப்பனின் தோளுக்கு வளர்ந்திருந்தான். மறையுரையிலேயே அந்தப் பழைய பிழையை அறிக்கையிட வேண்டும் என்று எண்ணிச் சென்றிருந்த நாம், அதைச் செய்யாமல் விட்டோம். அவ்வாறு செய்திருந்தால், மகன் எதிரிலேயே அவரை மறுபடியும் முழங்காலில் நிறுத்தியதாகியிருக்கும். ஆதலால், ஊரும் பெயரும் சொல்லாமல் இங்கே எழுதுகிறோம். இது அவர் கண்ணில் படுமானால், யாரைக் குறித்தது என்பதை அவர் அறிவார்.

இதைப் படிக்கும் பெற்றோரை ஒன்று வேண்டுகிறோம். நம் பிள்ளைகள் இருட்டில் யாரோடோ சேர்ந்து எதையேனும் தள்ளிவிடும் நாள் வரக்கூடும். தள்ளியதை மட்டுமே நாம் பார்ப்போமானால், திரும்பி வந்து கிணற்றடியில் நிற்பதைக் காணத் தவறிவிடுவோம். அப்படி அவர்கள் கையில் கயிற்றோடு தனியே நிற்கக் கண்டால், முதலில் கயிற்றின் மறுமுனையைப் பிடித்து இழுக்க உதவுவோம். கேள்விகளை, கிணற்றில் கிடப்பது மேலே வந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம்.